உரைகல்லும் வடிதாளும்

(மாவட்ட நூலகம் ஒன்றின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் என் தலைப்பை ‘உலோக நானோ துகள்களைக் கொண்டு குறைந்த செலவில் தாள் உணரிகள் தயாரித்தல்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். வாசலில் அதைப் படித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்து, “சார், இதுல எனக்குத் ‘தாள்’ மட்டும்தான் புரிஞ்சது” என்றார். அவருக்குப் புரிந்த இடத்திலிருந்தே தொடங்கிவிடுகிறேன்.

என் கையில் இருப்பது வடிதாள். வேதியியல் கூடங்களில் கரைசலை வடிகட்டுவதற்கு வைத்திருக்கும் சாதாரண வட்டத் தாள். இதில் ஒரு துண்டு வெட்டி, மஞ்சள்தூள் கரைத்த ஸ்பிரிட்டில் தோய்த்து, நிழலில் உலர்த்திக் கொண்டுவந்திருக்கிறேன். இதன்மேல் சுண்ணாம்புத் தெளிவு ஒரு சொட்டு விடுகிறேன். சிவந்துவிட்டது, பாருங்கள்.

முன்வரிசையில் அம்மாக்கள் சிரிக்கிறார்கள். ஆரத்தித் தட்டில் காலங்காலமாகப் பார்க்கிற சிவப்பை இவர் கூட்டம் போட்டுக் காட்டுகிறாரே என்று நினைக்கிறார்கள் போலிருக்கிறது. சரிதான், அதே சிவப்புதான். சாம்பார் சிந்திய வேட்டியில் சோப்புப் போட்டதும் திடீரென்று தோன்றி, அலசியதும் மறையுமே, அதுவும் இதுதான். தண்ணீரில் காரத்தன்மை இருக்கிறதா என்று கேட்டோம். தாள் நிறத்தால் பதில் சொன்னது. சென்சார் என்றாலும் உணரி என்றாலும் அடிப்படை இவ்வளவே.

என் தாத்தாவுக்குச் சர்க்கரை வியாதி. பெனடிக்ட் கரைசல் என்று ஒரு நீலத் திரவம் வீட்டில் இருக்கும். காலையில் அதைக் குழாயில் எடுத்து, சிறுநீர் சில சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டிக் கொதிக்க வைப்பார். நீலமாகவே நின்றால் அன்று வீட்டில் பண்டிகை. பச்சை, மஞ்சள், செங்கல் நிறம் என்று ஏற ஏறப் பாட்டியின் குரலும் ஏறும். இந்தக் குழாயையும் விளக்கையும் ஒழித்துவிட்டு, தோய்த்து எடுத்தால் நிறம் காட்டும் பட்டையை 1956இல் அமெரிக்காவில் கொண்டுவந்தார்கள். ஹெலன் ஃப்ரீ, ஆல்ஃப்ரெட் ஃப்ரீ என்ற வேதியியல் தம்பதியரின் வேலை அது. எங்கள் வீட்டுக்கு அது வந்து சேர வெகுகாலம் ஆனது. அதற்குள் தாத்தா போய்விட்டார்.

அந்தப் பட்டைகளில் நிறம் காட்டுவது சாயம். இன்று நான் பேச வந்தது, சாயத்தின் இடத்தில் தங்கத்தையும் வெள்ளியையும் உட்கார வைப்பதைப் பற்றி. தங்கம் என்றதும் ‘குறைந்த செலவில்’ என்பது பொய் என்று தோன்றும். அந்தக் கணக்கைப் பிறகு போடுகிறேன். முதலில் தங்கம் எப்படிச் சாயமாகிறது என்று பார்ப்போம்.

இந்தச் சின்னக் குப்பியைப் பார்த்துவிட்டு அடுத்தவர் கைக்குக் கொடுங்கள். மாதுளைச் சாறு மாதிரி இருக்கிறது. இதில் சாயம் துளியும் இல்லை, இருப்பது தங்கம். மைக்கேல் ஃபாரடே 1857இல் லண்டன் ராயல் சொசைட்டியில் இதைப் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். தங்க உப்பைப் பாஸ்பரஸால் மாற்றி இப்படிச் சிவப்புத் திரவங்கள் செய்தார். இந்த நிறத்துக்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய தங்கத் துகள்களே என்று சொன்னார். நானோ என்ற சொல்லெல்லாம் இந்தத் துறைக்கு வராத காலம். அவர் செய்த குப்பிகள் சில லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இன்னும் சிவப்பு மாறாமல் இருக்கின்றன.

இப்போது நாங்கள் பாஸ்பரஸைத் தொடுவதில்லை. 1951இல் டர்கெவிச் என்ற வேதியியலாளரும் உடன் இருந்தவர்களும் விரிவாக ஆராய்ந்து எழுதிய முறை ஒன்று இருக்கிறது. கல்லூரிகளில் பெரும்பாலும் அதுதான். மெல்லிய தங்கக் குளோரைடு கரைசல் 20 மில்லிலிட்டர் எடுத்துக் கொதிக்க விடுவோம். நன்றாகக் கொதிக்கும்போது சோடியம் சிட்ரேட் கரைசல் 2 மில்லிலிட்டர் சேர்ப்போம். எலுமிச்சைப் புளிப்புக்குக் காரணமான அமிலத்தின் உப்பு அது. மருந்துக் கடைச் சரக்கு மாதிரி மலிவானது. சேர்த்ததும் வெளிர்மஞ்சள் வடிந்து வெறும் தண்ணீர் போலாகும். கெட்டுப்போய்விட்டதோ என்று மாணவர்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் பேசமாட்டேன். கொஞ்ச நேரத்தில் பேனா மை கொட்டியதுபோல் கருநீலம் படரும். அது ஊதாவாகும், பிறகு நாவல்பழக் கறை, பத்து நிமிடத்தில் இந்த மாதுளை நிறம் வந்து நின்றுவிடும். முப்பது வருடமாகப் பார்க்கிறேன், அந்தக் கருநீலம் சிவப்பாகும் நொடியில் இன்னும் அடுப்பைவிட்டு நகர மனசு வருவதில்லை.

ஒரே ஒரு நிபந்தனை உண்டு. பாத்திரம் சுத்தமாக இருக்கவேண்டும். நம் வீட்டுச் சுத்தம் போதாது. தங்கத்தையே கரைக்கும் இராஜதிராவகத்தில் குடுவையைக் கழுவுவோம். போன வாரத் தங்கம் ஒரு கீறலில் ஒட்டியிருந்தாலும், புதுத் துகள்கள் அதைச் சுற்றிக் கூடிவிடும், வேலை கெட்டுவிடும்.

இந்தக் குப்பியில் உள்ள ஒவ்வொரு துகளும் சுமார் 13 நானோமீட்டர் குறுக்களவு. அதில் ஏறத்தாழ 68,000 தங்க அணுக்கள் அடங்கியிருக்கின்றன. உலோகத்துக்குள் எலெக்ட்ரான்கள் கட்டுப்பாடின்றி அலைபவை என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். துகள் இவ்வளவு சிறியதாகும்போது ஒளி பட்டதும் அத்தனை எலெக்ட்ரான்களும் ஒன்றாகச் சேர்ந்து ஊஞ்சல்போல் ஆடுகின்றன. ஊஞ்சலுக்கு ஒரு தாளம் உண்டல்லவா? தங்கத் துகளின் தாளம் பச்சை ஒளியோடு, 520 நானோமீட்டர் அலைநீளத்துக்கு அருகே, பொருந்துகிறது. பச்சையை அது விழுங்கிக்கொள்ள, நம் கண்ணுக்கு மிஞ்சுவது சிவப்பு. ஜெர்மனியில் குஸ்டாவ் மீ என்பவர் 1908இல் இதற்குக் கணக்குப் போட்டுக் காட்டினார்.

துகள்கள் தனித்தனியாக இருக்கும்வரைதான் இந்தச் சிவப்பு. இரண்டு துகள்கள் நெருங்கி ஒட்டிக்கொண்டால் ஊஞ்சல்கள் சேர்ந்து ஆடும், ஆட்டம் மந்தமாகும். அப்போது விழுங்கப்படுவது சிவப்புப் பக்கத்து ஒளி. மிஞ்சுவது நீலம். செய்து காட்டுகிறேன். இந்தக் குழாயில் அதே தங்கத் திரவம். அதில் சமையல் உப்புத் தண்ணீர் இரண்டு சொட்டு. நீலம்! பின்வரிசையில் தெரிகிறதா? துகள்கள்மேல் சிட்ரேட் போர்த்தியிருந்த எதிர்மின்னேற்றம் அவற்றை ஒன்றிலிருந்து ஒன்று தள்ளி வைத்திருந்தது. உப்பு அந்தத் தள்ளுதலைத் தணித்துவிட்டது. எல்லாம் கூடிவிட்டன.

இந்த உப்புச் சோதனையைக் கொஞ்சம் மனதில் வைத்திருங்கள். பின்னால் இது என் மானத்தை வாங்கிய கதையைச் சொல்லப்போகிறேன்.

வேலையின் சூட்சுமம் முழுதும் இங்கேதான். நமக்கு வேண்டிய ஒரு பொருள் வந்தால் மட்டும் துகள்கள் கூடும்படி, அல்லது கூடியிருந்தவை பிரியும்படி, தங்கத்தின்மேல் தகுந்த மூலக்கூறுகளை ஒட்டிவைக்கவேண்டும். 1996இல் அமெரிக்காவில் சாட் மெர்கின் குழுவினர் டிஎன்ஏ இழைகளைக் கொண்டு இதைச் செய்து காட்டியபோது துறையே நிமிர்ந்து உட்கார்ந்தது. 2008இல் சீனாவில் குழந்தைகளுக்கான பால்மாவில் மெலமைன் கலந்து பெரும் கொடுமை நடந்ததே, அதற்குப் பிறகு தங்கத் துகளால் மெலமைனைக் கண்டுபிடிக்கும் ஆய்வுகள் வரிசையாக வந்தன. மெலமைனுக்குக் கைகள் மூன்று. சிட்ரேட்டை விலக்கிவிட்டுத் துகளையும் துகளையும் கோத்துவிடும்.

நம் சென்னைக்கும் இதில் பங்குண்டு. ஐஐடி மெட்ராஸில் பேராசிரியர் தலப்பில் பிரதீப்பின் குழு, எண்டோசல்ஃபான் பூச்சிக்கொல்லியைத் தங்கத் துகளின் நிறமாற்றத்தால் அறியலாம் என்று 2003இலேயே எழுதியது. அந்த ஆய்வு வரிசையிலிருந்துதான், வெள்ளி நானோ துகள்களால் பூச்சிக்கொல்லியை நீக்கும் குடிநீர் வடிகட்டி 2007இல் சந்தைக்கு வந்தது.

வெள்ளியின் கதை வேறு. அதன் நானோ துகள் கரைசல் மஞ்சளாக இருக்கும். பாதரசம் பட்டால் அந்த மஞ்சள் வெளிறும். வெப்பமானி உடைந்து, சிந்திய பாதரசத்தை விளையாட்டாகத் தொட்டு, மோதிரம் வெளுத்துப்போய் அடி வாங்கியவர்கள் இந்த அரங்கில் நாலு பேராவது இருப்பீர்கள். உலோகம் பாதரசத்தோடு கலந்து இரசக்கலவை ஆகிறது. துகளிலும் கிட்டத்தட்ட அதே சங்கதிதான்.

இப்போது செலவுக் கணக்கு. நான் சொன்ன அந்த ஒரு குடுவையில் இருக்கும் தங்கம் வெறும் 4 மில்லிகிராம். கணக்குச் சுலபமாக இருக்க ஒரு கிராம் தங்கம் பத்தாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உண்மை விலையைச் சொன்னால் கூட்டத்தின் மனநிலை கெடும். 4 மில்லிகிராம் 40 ரூபாய். தாளில் ஒரு புள்ளி வைக்க 5 மைக்ரோலிட்டர் போதும். ஒரு சொட்டில் பத்தில் ஒரு பங்கு. அப்படியானால் ஒரு குடுவையில் 4,400 புள்ளிகள். புள்ளிக்கு ஒரு பைசாகூட வரவில்லை! நம் ஊரில் ‘குந்துமணித் தங்கம்கூட இல்லை’ என்று வறுமையைச் சொல்வோம். ஒரு குந்துமணி சுமார் 120 மில்லிகிராம் எடை. அந்தக் குந்துமணித் தங்கத்தில் ஒரு லட்சத்து முப்பதாயிரம் புள்ளிகள் வைக்கலாம்.

இது எப்படிக் கட்டுப்படியாகிறது என்றால், ஒரு தங்கத் துகள் ஒளியை விழுங்கும் திறன் நல்ல சாய மூலக்கூறு ஒன்றைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல். அதனால் துளித் தங்கத்துக்கே கண் பறிக்கும் நிறம்.

இனி தாள். தாளுக்குப் பம்பு தேவையில்லை. திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, கோலம் போட்ட ஈரத்தில் வேட்டி நுனி பட்டால் முழங்கால்வரை ஈரம் ஏறுவதுபோல, தண்ணீர் தானே ஓடும். ஆனால் போகப்போகச் சோம்பேறியாகும். முதல் சென்டிமீட்டருக்குப் பத்து விநாடி என்றால், இரண்டாவது முடியும்போது மொத்தம் நாற்பது விநாடி ஆகியிருக்கும். தூரம் இரட்டித்தால் நேரம் நான்கு மடங்கு. தாள் உணரி செய்பவர்கள் எல்லாவற்றையும் விரல்நுனி அளவுக்குள் அடக்கிவிடுவது இதனால்தான்.

தண்ணீர் தானே ஓடுவதுதான் தொல்லையும். விட்ட சொட்டு நாலாபக்கமும் பரவி நிறம் நீர்த்துவிடும். வரப்புக் கட்டவேண்டும். 1937இலேயே யகோடா என்பவர் வடிதாளில் மெழுகு வளையம் அழுத்தி, சோதனைச் சொட்டை அதற்குள் அடைத்தார். பிறகு ஏனோ துறை அதை மறந்தே போனது. 2007இல் ஹார்வர்டில் ஜார்ஜ் வைட்சைட்ஸின் குழு, தாளில் வாய்க்கால் வெட்டியதுபோல் வரப்புகள் அமைத்து, ஒரு சொட்டைக் கிளைபிரித்து ஓடவிட்டு, சர்க்கரையையும் புரதத்தையும் ஒரே துண்டில் சோதித்துக் காட்டியது. முதலில் அவர்கள் பயன்படுத்தியது சிப் செய்வோர் கையாளும் விலையுயர்ந்த ஒளியச்சு முறை. இரண்டே வருடத்தில் அவர்களும் மற்றவர்களும் மெழுகுக்கு வந்துவிட்டார்கள். மெழுகையே மையாகக் கொண்ட ஒரு வகை பிரிண்டர் அப்போது சந்தையில் இருந்தது. வேண்டிய வடிவத்தை அச்சிட்டு, 150 பாகை வெப்பத்தில் இரண்டு நிமிடம் வைத்தால் மெழுகு உருகித் தாளின் மறுபக்கம்வரை இறங்கிச் சுவராகிவிடும். அந்த பிரிண்டர் வகையைத் தயாரிப்பாளரே பிற்பாடு கைவிட்டுவிட்டார். உலகெங்கும் அதை நம்பி ஆய்வு எழுதியவர்கள் பழைய எந்திரங்களுக்கு அலைந்தார்கள்.

எங்களுக்கு அந்த அலைச்சல் இல்லை, ஏனென்றால் எங்களிடம் அந்த எந்திரமே இருந்ததில்லை. ரப்பர் ஸ்டாம்ப் செய்பவரிடம் வட்டங்கள் வைத்த முத்திரை ஒன்று செய்து வாங்கினோம். உருகிய மெழுகுவர்த்தியில் தொட்டு வடிதாளில் குத்துவோம். மேலும் கீழும் செய்தித்தாள் வைத்து இஸ்திரிப் பெட்டியால் ஒரு தேய்ப்பு. மெழுகு பரவும் என்பதால் உள்வட்டம் வேண்டிய அளவைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கவேண்டும். இதைத் தெரிந்துகொள்ள நாற்பது தாள் செலவானது. மெழுகால் நிறத்தைத் தடுப்பது நம் மண்ணுக்குப் புதிதல்ல. தஞ்சை அரண்மனைக்கு நெய்த கோடாலிக்கருப்பூர்ச் சேலைகளில் மெழுகு பூசித்தான் சாயம் ஏறாத இடங்களைக் காத்தார்கள். லின்னேயஸ் டிரைப் என்ற புகைப்படக்காரர் 1858இல் மதுரையையும் தஞ்சையையும் படம் பிடிக்க வந்தபோது மெழுகிட்ட தாளில் வெள்ளி உப்பு ஏற்றிய நெகட்டிவ்களைப் பயன்படுத்தினார். தாள், மெழுகு, வெள்ளி மூன்றும் அப்போதே நம் கோயில் வாசலில் ஒன்றுகூடியிருக்கின்றன. விஷயத்துக்கு இது தேவையில்லாத தகவல். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வட்டத்துக்குள் தங்கத் திரவத்தை விட்டு உலர்த்தினால் முடிந்தது என்று நினைப்பீர்கள். உலரும்போது இரண்டு விபத்துகள் நடக்கும். ஒன்று, ஃபில்டர் காபி மேசையில் சொட்டிக் காய்ந்தால் ஓரத்தில் அடர்ந்த வளையம் நிற்குமே, அதேபோல் தங்கமும் ஓரத்துக்கு ஓடிவிடும். நடுவில் வெளுப்பு. இரண்டாவது இன்னும் மோசம்: தண்ணீர் ஆவியாக ஆகத் துகள்கள் நெருங்கி, சோதனைக்கு முன்பே தாமாக ஊதாவாகிவிடும். கேள்வி கேட்கும் முன்பே பதில் சொல்லும் மாணவன் மாதிரி. மருந்து என்ன தெரியுமா? சர்க்கரை. திரவத்தில் சர்க்கரை கரைத்துவிட்டால் உலர்ந்த பின்னும் துகள்களுக்கு நடுவே அது பாகுபோல் நின்று இடைவெளியைக் காக்கும். கடையில் விற்கும் விரைவுச் சோதனைப் பட்டைகளிலும் தங்கம் வைத்த திட்டில் சர்க்கரை வகை ஏதாவது இருக்கும்.

ஆக, தாள், மெழுகு, எலுமிச்சை உப்பு, சர்க்கரை, கண்ணுக்குத் தெரியாத அளவு தங்கம். எல்லாம் சேர்த்து ஒரு பட்டை ஒரு ரூபாய்க்குள் முடிகிறது. இந்த இடத்தோடு பெரும்பாலான கட்டுரைகள் முடிந்துவிடும். எனக்கு இங்கேதான் பேச்சு ஆரம்பம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு கல்லூரிக் கண்காட்சி. தண்ணீரில் ஈயம் இருந்தால் நீலமாகும் பட்டை என்று என் மாணவர்கள் மேசை போட்டிருந்தார்கள். காய்ச்சி வடித்த நீரில் தோய்த்தால் சிவப்பு. அதில் ஈய உப்பு கரைத்துத் தோய்த்தால் நீலம். கைதட்டல். அப்போது பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் தன் வீட்டு போர் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவந்து நீட்டினார். தோய்த்தோம். நீலம். இன்னொன்று தோய்த்தோம். நீலம். மனிதர் முகம் வெளுத்துவிட்டது. வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகளாம். இரண்டு வாரம் கேன் தண்ணீர் வாங்கியிருக்கிறார். முறையான ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்த்தபோது ஈயம் வரம்புக்குள் இருந்தது. நீலமாக்கியது உப்பு, அந்தப் பக்கத்துக் கடினநீரின் கால்சியமும் மக்னீசியமும். சற்றுமுன் நான் இரண்டு சொட்டு உப்புத் தண்ணீரில் காட்டிய வித்தையை அவர் கிணறே செய்துவிட்டது. காய்ச்சி வடித்த நீரை மட்டுமே குடித்துப் பழகிய பட்டையை நான் ஊருக்குள் அனுப்பியிருந்தேன். தவறு மாணவர்களுடையது அல்ல, என்னுடையது.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு, அது இன்னும் ஆபத்தானது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் விதிப்படி குடிநீரில் பாதரசம் லிட்டருக்கு 0.001 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ஒன்றில் 12 மில்லிகிராம், அதுதான் எல்லை. இப்போது நம் புள்ளிக்கு வாருங்கள். புள்ளியில் சுமார் 4,000 கோடித் தங்கத் துகள்கள் இருக்கின்றன. எல்லையைத் தொட்டு நிற்கும் அந்தத் தண்ணீரில் 5 மைக்ரோலிட்டர் விட்டால் அதனுள் சுமார் 1,500 கோடிப் பாதரச அணுக்கள் இருக்கும். கேட்கப் பெரிதாக இருக்கிறது, வகுத்துப் பாருங்கள். இரண்டு மூன்று துகளுக்கு ஒரு பாதரச அணு. 68,000 அணுக்கள் கொண்ட துகளை அந்த ஒற்றை அணு என்ன செய்துவிடும்? நிறம் இம்மியும் மாறாது. பட்டை அழகாகச் சிவந்து நின்று ‘குடி’ என்று சொல்லும். விளம்பரப் படங்களில் பளிச்சென்று மாறும் பட்டைகள் எந்தச் செறிவில் மாறின என்று எப்போதும் கேளுங்கள். வழி இல்லாமல் இல்லை. ஒரு சொட்டுக்குப் பதில் அரை லிட்டர் தண்ணீரை அந்தப் புள்ளி வழியே வடியவிட்டு, பாதரசத்தை அங்கேயே பிடித்துச் சேர்க்கலாம். வடிதாள் தன் பழைய தொழிலுக்கே திரும்புகிறது. ஆனால் அப்போது ‘ஒரு சொட்டு, ஒரு நிமிடம்’ என்ற பேச்சை விட்டுவிடவேண்டும்.

இதே தங்கம், இதே காகித வகை ஓரிடத்தில் மட்டும் மாபெரும் வெற்றி பெற்றிருக்கிறது. எல்லோர் வீட்டிலும் வந்துபோனது: கொரோனா விரைவுச் சோதனைப் பட்டை. கர்ப்பச் சோதனைப் பட்டைகள் பலவும் இதே குடும்பம். அந்தச் சிவப்புக் கோடு என்ன என்று நினைத்தீர்கள்? பெரும்பாலான பட்டைகளில் அது தங்க நானோ துகள். நீங்கள் வாங்கிப் பயன்படுத்திக் குப்பையில் போட்ட தங்கம்.

அங்கே தங்கத்தின் நிறம் மாறுவதே இல்லை. சிவப்பு வந்து ஒரு கோட்டில் சேர்கிறது, அவ்வளவுதான். கிருமியின் புரதம் இருந்தால் தங்கத்தோடு ஒட்டிக்கொண்டு வந்து டி என்ற கோட்டில் சிக்கும். உப்பால் இரண்டொரு துகள் கூடினாலும் பெரிய குழப்பம் இல்லை. அதைவிட முக்கியம் பக்கத்தில் இருக்கும் சி கோடு. கிருமி இருந்தாலும் இல்லாவிட்டாலும் சி கோடு சிவக்கவேண்டும். அது சிவக்காவிட்டால் பட்டை செத்துவிட்டது, தூக்கிப் போடு என்று பொருள். 2021இல் தெருவில் யாரைக் கேட்டாலும் இதைச் சொன்னார்கள். படிக்காத பாட்டிகூட “சி வரலியே, இது செல்லாது” என்றார். ஒரு சோதனைக்குக் கட்டுப்பாடு என்பது ஏன் வேண்டும் என்று நான் வகுப்பில் வருடக்கணக்காக மன்றாடியதை அந்த ஒரு கோடு ஆறு மாதத்தில் நாட்டுக்கே சொல்லிக்கொடுத்துவிட்டது.

தட்டானுக்கு இது அன்றே தெரிந்திருந்தது. உரைகல்லில் உங்கள் நகையை உரைக்கும்போது அவர் அந்தக் கோட்டை மட்டும் வெறித்துப் பார்க்கமாட்டார். பக்கத்திலேயே மாற்றுத் தெரிந்த பொன் ஊசியால் இன்னொரு கோடு இழுப்பார். இரண்டையும் ஒரே வெளிச்சத்தில் பார்த்த பிறகுதான் வாய் திறப்பார். தெரிந்த கோடு ஒன்று இல்லாமல் தெரியாத கோட்டுக்கு அர்த்தம் இல்லை. நாங்கள் கண்காட்சியில் செய்த பட்டையில் ஊசிக்கோடு இல்லை. அதுதான் குறை.

இப்போது எங்கள் பட்டையில் மூன்று வட்டங்கள். ஒன்றில் ஈயத்தைப் பிடிக்கும் தங்கம். இரண்டாவதில் வெறும் சிட்ரேட் தங்கம். உப்பு மிகுதியானால் அது நீலமாகி, ‘என் அண்ணன் சொல்வதை நம்பாதே’ என்று எச்சரிக்கும். மூன்றாவதில் முன்கூட்டியே கொஞ்சம் ஈயம் உலர்த்தி வைத்திருக்கிறோம். எந்தத் தண்ணீர் விட்டாலும் அது நீலமாகியே தீரவேண்டும். ஆகாவிட்டால் பட்டை கெட்டுப்போனது. விலை மூன்று மடங்கானது. முன்பு ஒரு ரூபாய்க்கு அச்சத்தை விற்றோம். இப்போது மூன்று ரூபாய்க்குச் செய்தியைத் தருகிறோம்.

நிறத்தைப் படிப்பது இன்னொரு தலைவலி. கைபேசியில் படம் பிடித்து எண்ணாக்கலாம் என்று 2008இலேயே வைட்சைட்ஸ் குழு சொல்லிவிட்டது. நல்ல யோசனைதான். ஆனால் டியூப்லைட்டில் ஒரு நிறம், வெயிலில் ஒரு நிறம். போதாததற்கு கேமராவே தன் இஷ்டத்துக்கு நிறத்தைத் திருத்தும். சேலை எடுக்கப் போகிறவர்கள் கடை விளக்கை நம்பாமல் வாசலுக்குக் கொண்டுவந்து விரித்துப் பார்ப்பார்களே, அந்த ஞானம் கைபேசிக்கு இல்லை. அதற்கும் மருந்து பழையதே: பட்டை ஓரத்தில் நிலையான சிவப்பு, நீலக் கட்டங்களை அச்சிட்டு, படத்தில் அவையும் விழும்படி செய்வது.

நம் திருச்சியில் பிறந்த சர் சி. வி. ராமன் 1928இல் கண்ட ஒளிச்சிதறலும் தாளுக்கு வந்திருக்கிறது. வெள்ளித் துகள் ஏற்றிய தாளால் திராட்சைத் தோலைத் துடைத்து, லேசர் காட்டினால், ஒட்டியிருக்கும் பூச்சிக்கொல்லியின் ராமன் ஒளி பன்மடங்கு பெருகித் தெரியும். தாள் சில ரூபாய், படிக்கும் கருவி லட்சங்களில். அதைக் குறைந்த செலவு என்று சொல்ல எனக்கு நாக்கு கூசுகிறது.

நேரமாகிவிட்டது, தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். வாசல் மேசையில் நூறு பட்டைகள் வைத்திருக்கிறேன், மூன்று வட்டம் போட்டவை. ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக் குழாய்த் தண்ணீரோ போர் தண்ணீரோ ஒரு சொட்டு விட்டு, ஐந்து நிமிடம் கழித்து மூன்று வட்டத்தின் நிறத்தையும், தண்ணீர் எங்கிருந்து எடுத்தது என்பதையும் அதன் முதுகிலேயே எழுதி, அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது நூலகரிடம் கொடுத்துவிடுங்கள். முதல் வட்டமும் நடு வட்டமும் சேர்ந்து நீலமானால் பயப்படாதீர்கள், கேன் தண்ணீர் வாங்க ஓடாதீர்கள். அது உப்பு.